ஃபிளாஷ் வீழ்ந்தது, சாவி யார் கையில்?

இணையத்தோடு இணைந்த மேஜைக் கம்ப்யூட்டர்கள் 100 இருந்தால் அவற்றில் 99-ல் எங்கள் சரக்கு உண்டு என்று அடோபி கம்பெனி மார்தட்டிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. இணையத்தில் ஓடும் வீடியோக்களில் 75 சதவிகிதம் அந்தச் சரக்கின் மூலமாகவே ஓடுகின்றன என்றும் அதே கம்பெனி கணக்குச் சொல்லிற்று. ஆண்டு 2010. சரக்கின் பெயர் ஃபிளாஷ்.

பத்தே ஆண்டுகளில் மூடுவிழா! 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி அதைத் தலைமுழுகிற்று. 2021 ஜனவரி 12-ஆம் தேதியிலிருந்து, ஏற்கெனவே கம்ப்யூட்டர்களில் கிடந்த ஃபிளாஷும் இயங்க மறுத்துவிட்டது. உலகமே உபயோகித்துவந்த கருவி ஒன்று, கம்பெனி குறித்த நாளில், கம்பெனி இட்ட கட்டளைப்படி கண்ணை மூடிக்கொண்டது.

"பெரிய முதலாளி எதிர்த்தான், ஆகவே விழுந்தது" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் உழைப்பவனுக்கு வேண்டிய பாடம் இருக்கிறது. எதிர்ப்பு வந்ததும் எல்லாக் கருவிகளும் செத்துவிடுவதில்லை. எது நிற்கிறது? எது சாய்கிறது? சாயும்போது யார் தலையில் சாய்கிறது? இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்ப்போம், தோழர்களே!

சரக்கு வந்த வழி

1996-ல் அமெரிக்காவில் ஃபியூச்சர்வேவ் என்ற சின்னஞ்சிறு கம்பெனி. அங்கே ஜொனாதன் கே என்பவரும் அவருடைய சகாக்களும் படங்களை அசையவைக்கும் மென்பொருள் ஒன்றைச் செய்தனர். மாக்ரோமீடியா என்ற கம்பெனி அதை விலைக்கு வாங்கி, ஃபிளாஷ் என்று பெயர் சூட்டிற்று. 2005-ல் அந்த மாக்ரோமீடியாவையே அடோபி விழுங்கிற்று. விலை, சுமார் 340 கோடி டாலர். சிறிய மீனைப் பெரிய மீனும், பெரிய மீனை அதனினும் பெரிய மீனும் விழுங்கும் அதே பழைய கதைதான்.

ஆனால் சரக்கு மோசமானதல்ல. அன்றைய இணையம் பெரும்பாலும் எழுத்தும் அசையாத படமுமாக இருந்தது. டெலிபோன் கம்பி வழியாகச் செய்தி சொட்டுச் சொட்டாக வந்த காலம் அது. ஃபிளாஷ், படத்தைப் புள்ளி புள்ளியாகச் சுமந்து வரவில்லை. எங்கே கோடு, எப்படி வளைவு, என்ன நிறம் என்ற குறிப்பை மட்டும் அனுப்பிற்று. பார்ப்பவருடைய கம்ப்யூட்டர் அங்கேயே படத்தை வரைந்துகொண்டது. வாசலில் போட்ட கோலத்தைப் பெயர்த்து எடுத்துவராமல், "எத்தனை புள்ளி, எப்படி இழை" என்று அடுத்த வீட்டுக்குச் சொல்லியனுப்புவது போல! ஆகவே மெல்லிய கம்பியிலும் சித்திரம் ஆடிற்று, பேசிற்று, பாடிற்று.

படக் கொட்டகையோ ஸ்டூடியோவோ இல்லாத இளைஞர்கள், வீட்டு மூலையில் உட்கார்ந்து கேலிச் சித்திரங்களும் விளையாட்டுகளும் செய்து உலகத்துக்குக் காட்டினார்கள். 2005-ல் தொடங்கிய யூட்யூப் தன் வீடியோக்களை ஃபிளாஷின் முதுகில் ஏற்றித்தான் ஓடவிட்டது. 2009-ல் ஃபேஸ்புக்கில் வந்து கோடிக்கணக்கானவர்களை இழுத்த ஃபார்ம்வில் விளையாட்டு அதன் மீதே நின்றது. பள்ளிப் பாடம், ஆபீஸ் விண்ணப்பம், வரிப் படிவம் என்று எல்லாம் அதற்குள் புகுந்தன.

சரக்கு எல்லோர் கையிலும் இருந்தது. சாவி மட்டும் ஒரே கம்பெனியின் சட்டைப் பையில் இருந்தது. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

ஆறு குற்றச்சாட்டுகள்

2007-ல் ஆப்பிள் கம்பெனி ஐபோனைக் கொண்டுவந்தது. அதில் ஃபிளாஷுக்கு இடமில்லை. 2010-ல் ஐபேட் வந்தது, அதிலும் இல்லை. போதாக்குறைக்கு, வேறு கருவிகளில் எழுதி ஐபோனுக்கு மாற்றிக்கொண்டுவரும் செயலிகளுக்கும் அதே ஏப்ரலில் தடை போட்டது. பிறகு 29-ஆம் தேதி அதன் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். அதிலே ஆறு குற்றச்சாட்டுகள்.

ஃபிளாஷ் ஒரே கம்பெனியின் தனிச்சொத்து என்பது முதல் குற்றம். அது இல்லாவிட்டாலும் வீடியோ பார்க்க வேறு வழி உண்டு என்பது இரண்டாவது. பாதுகாப்பு இல்லை, கம்ப்யூட்டரைத் தொங்கவைக்கிறது என்பது மூன்றாவது. பாட்டரியைத் தின்கிறது என்பது நான்காவது. விரல் தொடும் திரைக்கு ஒத்துவராது, மவுசை நம்பிச் செய்யப்பட்டது என்பது ஐந்தாவது. எங்கள் இயந்திரத்துக்கும் செயலி எழுதுபவருக்கும் நடுவே மூன்றாவது ஆள் ஒருவன் நிற்பதை ஏற்கமாட்டோம் என்பது ஆறாவது. இதுவே முக்கியமானது என்று கடிதமே சொல்லிற்று.

இவற்றில் மூன்று, நான்கு, ஐந்து ஆகிய மூன்றையும் மறுக்க முடியாது. 2015 என்ற ஒரே ஆண்டில் ஃபிளாஷில் கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகள் 300-க்கும் மேல்! ஓட்டை அடைத்து ஓட்டை அடைத்தே ஆட்கள் ஓய்ந்தார்கள். எதிரி சொன்னான் என்பதற்காக உண்மையைப் பொய் என்று சொல்வது நமக்கு வழக்கமல்ல.

முதல் குற்றச்சாட்டுக்கு வருவோம். ஃபிளாஷ் தனிச்சொத்தாம், இணையம் பொதுவாக இருக்கவேண்டுமாம். சொன்னது யார்? தன் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு செயலியைக்கூடத் தன் போனுக்குள் நுழையவிடாத கம்பெனி! தன்னுடைய அமைப்பும் தனிச்சொத்துதான் என்பதைக் கடிதம் ஒப்புக்கொள்ளத்தான் செய்தது. இணையத்தின் முறைகள் மட்டுமாவது பொதுவாக இருக்கட்டும் என்றது. வாதம் சரியானது. ஆனால் ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதால், ஆட்டைப் பிடித்து உள்ளே கட்டுவதுதான் புத்தி.

ஆறாவது குற்றச்சாட்டில்தான் விஷயம் இருக்கிறது. ஃபிளாஷில் ஒரு விளையாட்டை ஒருமுறை எழுதினால் அது எந்த இயந்திரத்திலும் ஓடும். பிரௌசரில் திறந்து யாரும் ஆடலாம். 2008-ல் ஆப்பிள் திறந்த செயலிக் கடையிலோ, விற்கும் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 30 ரூபாய் சுங்கம். ஃபிளாஷ் போனுக்குள் வந்தால் சுங்கச்சாவடியைச் சுற்றிக்கொண்டு போக ஒரு பாதை உண்டாகிவிடும் அன்றோ! கடிதத்தில் பாட்டரி பற்றி உண்டு, விரல் பற்றி உண்டு. இந்த முப்பது பற்றி மூச்சு இல்லை.

அடோபி என்ன பதில் சொல்லிற்று? மே மாதம் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விளம்பரம் போட்டது. ஆப்பிளை நேசிக்கிறோம், ஆனால் எதைச் செய்வது, எப்படிச் செய்வது என்ற உங்கள் சுதந்திரத்தைப் பறிப்பதை நேசிக்கவில்லை என்பது அதன் சாரம். சுதந்திரமாம்! 2008-ல் ஃபிளாஷ் கோப்பு எப்படி அமைந்தது என்ற விவரத்தைப் பொதுவில் வைத்தது உண்மை. ஆனால் அந்தக் கோப்பை ஓட்டும் இயந்திரத்தின் உள்ளை யாருக்கும் காட்டவில்லை. வீட்டின் வரைபடத்தைக் கொடுத்துவிட்டுச் சாவியை மடியில் முடிந்துகொண்டது.

இரண்டு முதலாளிகள் சண்டையிட்டார்கள். இருவர் வாயிலும் ஒரே சொல், சுதந்திரம். இருவர் கையிலும் ஒரே பொருள், பூட்டு.

99 ஏன் காப்பாற்றவில்லை?

இத்தனை வீடுகளில் வேர்விட்ட மரத்தை ஒரு கடிதம் சாய்க்குமா? சாய்க்காது. அந்த 99 என்பது மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டர்களின் கணக்கு. ஜனங்களோ மேஜையை விட்டு எழுந்து, சட்டைப் பையில் இணையத்தை வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார்கள். பழைய வீட்டில் எத்தனை ஜன்னல் இருந்தால் என்ன? குடித்தனம் புது வீட்டுக்குப் போய்விட்டதே!

ஆண்ட்ராய்டு போன்கள் வாசலைத் திறந்துவைத்தன. 2010-லேயே ஃபிளாஷ் அங்கே நுழைந்தது, தடுமாறிற்று, பாட்டரியைக் குடித்தது. எதிரி தடுக்காத இடத்திலும் அதனால் நிற்க முடியவில்லை. 2011 நவம்பரில், போன்களுக்கு இனி ஃபிளாஷ் செய்யமாட்டோம் என்று அடோபியே கைவிரித்தது.

அதே வாரத்தில் இன்னொரு அறிவிப்பும் வந்தது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சுமார் 750 பேருக்கு வேலை நீக்கம்! கம்பெனி நஷ்டத்தில் மூழ்கிற்றா? இல்லை. அந்த நிதியாண்டில் அடோபியின் வருமானம் 420 கோடி டாலருக்கு மேல்; அதுவரை அது காணாத உயரம். முதலாளிகளின் சண்டையில் முதலில் வெட்டுப்பட்டது யார் என்பதை இந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சொல்கின்றன. எந்தச் சரக்கைச் செய்வது, எதை நிறுத்துவது என்று அந்த 750 பேரை யாரும் கேட்கவில்லை.

இதற்கு எதிரான உதாரணம் ஒன்றும் பார்க்கவேண்டும். வீடியோவைச் சுருக்கி அனுப்பும் எச்.264 என்ற முறைக்கும் பலமான எதிர்ப்பு வந்தது. அதிலே பல கம்பெனிகளின் காப்புரிமைகள் பின்னிக் கிடக்கின்றன. ஆகவே அதைத் தன் குரோம் பிரௌசரிலிருந்து நீக்கப்போவதாகக் கூகிள் 2011 ஜனவரியில் அறிவித்தது. பொதுச் சொத்தை நம்பும் மொசில்லாவும் அதை ஏற்க மறுத்து நின்றது. முடிவு என்ன? கூகிள் சொன்னதைச் செய்யவே இல்லை. மொசில்லாவும் 2012-ல் வேறு வழியின்றி இறங்கிவந்தது. காரணம், அந்த முறை போன்களின் சில்லுக்குள்ளேயே, காமிராவுக்குள்ளேயே அச்சாகிவிட்டது. அதைத் தாங்கப் பல கம்பெனிகள் தோள் கொடுத்தன. ஒருவர் விலகினாலும் அது விழாது.

ஆக, எதிர்ப்பைத் தாங்குவதற்குப் பரவல் மட்டும் போதாது. புதிய இயந்திரத்தில் இடம் வேண்டும். தாங்கும் கைகள் பல வேண்டும். ஃபிளாஷுக்குத் தாங்கும் கை ஒன்றே ஒன்று. அந்தக் கை சலித்துக்கொண்ட அன்று, கோடிக்கணக்கானவர்களின் உபயோகமும் அதைக் காக்கவில்லை.

செத்தது யாருக்கு?

பிறகு நடந்தது நீண்ட மரணப்படுக்கை. 2015 ஜனவரியில் யூட்யூப், பொது முறையான எச்.டி.எம்.எல்.5-ஐத் தன் முதல் வழியாக்கிக்கொண்டது. ஜூலையில், உளவு மென்பொருள் விற்கும் இத்தாலியக் கம்பெனி ஒன்றின் ரகசியங்கள் வெளியாயின; ஃபிளாஷின் ஓட்டைகளை அது ஆயுதமாக வைத்திருந்தது அம்பலமாயிற்று. ஃபேஸ்புக்கின் பாதுகாப்புத் தலைவர், ஃபிளாஷுக்குச் சாவுத் தேதி குறியுங்கள் என்று வெளிப்படையாகவே கேட்டார். 2017 ஜூலை 25-ஆம் தேதி, ஆப்பிள், ஃபேஸ்புக், கூகிள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா ஆகியோரோடு கலந்துபேசி, அடோபி தேதியைக் குறித்தது.

மூன்று ஆண்டு முன்னறிவிப்பு கொடுத்தார்களே என்பார்கள். கொடுத்தார்கள். ஆனால் முன்னறிவிப்பு கொடுத்தவன் மாற்றுச் செலவையும் கொடுத்தானா?

தென்னாப்பிரிக்காவின் வரி இலாகாவில் சில படிவங்கள் ஃபிளாஷிலேயே கிடந்தன. 2021 ஜனவரியில் அந்தப் படிவங்களைத் திறப்பதற்கென்றே தனி பிரௌசர் ஒன்றை அந்த இலாகா வெளியிடவேண்டியதாயிற்று. சீனாவின் டாலியன் ரயில்வே பணிமனையில் ஜனவரி 12-ஆம் தேதி ஊழியர்கள் பார்க்கும் கம்ப்யூட்டர் பக்கங்கள் இயங்கவில்லை. ரயில்கள் நின்றுவிடவில்லை என்றாலும், பழைய ஃபிளாஷைத் தேடிப்பிடித்துப் பொருத்தி ஒழுங்குக்குக் கொண்டுவரத் தொழில்நுட்ப ஊழியர்கள் சுமார் 20 மணி நேரம் போராடினார்கள். அதிகாரியின் அசட்டையோ, கம்பெனியின் உத்தரவோ, எது காரணமானாலும் கண் விழித்தவன் தொழிலாளி.

சரக்கு எல்லோருக்கும் ஒன்றுபோலச் செத்ததா? அதுவும் இல்லை. பழைய முறைகளை விடமுடியாத பெரிய நிறுவனங்களுக்கு ஹார்மன் என்ற கம்பெனி மூலம் பராமரிப்பு தொடர ஏற்பாடு செய்யப்பட்டது. சீனாவுக்கென்று தனி விநியோகஸ்தர், தனிப் பதிப்பு. காசும் சந்தையும் இருந்த இடத்தில் உயிர் இருந்தது. வீட்டு மூலையில் உட்கார்ந்து பத்தாண்டுகளாகப் படம் செய்த சாமானியனுக்கு மட்டும் சாவு!

அந்தச் சாமானியர்கள் சும்மா இருக்கவில்லை. ஃபிளாஷின் மூலக் குறிப்பைப் பொதுவில் வையுங்கள், எங்கள் வேலையை நாங்களே காப்பாற்றிக்கொள்கிறோம் என்று 2017-ல் கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். அடோபி கதவைத் திறக்கவில்லை. தனக்கு வேண்டாம் என்று எறிந்த பொருளைக்கூடப் பிறர் எடுத்துப் பழுதுபார்க்கக் கூடாதாம்! வைக்கோற்போரைக் காத்த நாய் இதைவிட வேறு என்ன செய்தது?

கேட்டுக் கிடைக்காததை அவர்கள் உழைத்துப் பெற்றார்கள். ரஃபிள் என்ற பெயரில், பழைய ஃபிளாஷ் கோப்புகளை ஆபத்தின்றி ஓட்டும் புதிய மென்பொருளைத் தொண்டர்கள் எழுதினார்கள். அது யாருக்கும் இலவசம். உள்ளை யாரும் திறந்து பார்க்கலாம். அதைக் கொண்டு 2020 நவம்பரில் இணைய ஆவணக் காப்பகம் பழைய படங்களையும் விளையாட்டுகளையும் மறுபடி ஓடவைத்தது. ஃபிளாஷ்பாயிண்ட் என்ற மற்றொரு தொண்டர் முயற்சி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆக்கங்களைச் சேர்த்துக் காத்திருக்கிறது. 340 கோடி டாலர் கொடுத்து வாங்கியவன் கைவிட்டதைச் சம்பளமில்லாத கைகள் தூக்கி நிறுத்தின!

பொது முறை வந்தது, பூட்டும் வந்தது

அப்படியானால் எச்.டி.எம்.எல்.5 வந்தது நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான். 2014 அக்டோபரில் உலகளாவிய இணையக் கூட்டமைப்பு அதைப் பொது முறையாக ஏற்றது. எந்த ஒரு கம்பெனியின் உத்தரவாலும் அது நாளைக் காலையில் சாகாது. இது ஜனங்களுக்குக் கிடைத்த இலாபம். குறைத்துச் சொல்லவேண்டாம்.

ஆனால் கொண்டாட்டத்திலேயே கண் மூடிவிடவும் வேண்டாம். 2017 செப்டம்பரில் அதே கூட்டமைப்பு, படக் கம்பெனிகளின் பூட்டை பிரௌசரோடு பொருத்துவதற்கான முறைக்கும் பொது முத்திரை குத்திற்று. வழி பொதுவானது, பூட்டின் உள் இன்னமும் கம்பெனியின் ரகசியம். அதைக் கண்டித்து, இணைய உரிமைக்காகப் பாடுபடும் மின்னணு எல்லை அறக்கட்டளை கூட்டமைப்பை விட்டே வெளியேறிற்று.

ஆப்பிளின் வாசலோ இன்னும் பெரிது. ஐபோனில் எந்தப் பெயரில் பிரௌசர் வந்தாலும் அதன் உள்ளே ஓடுவது ஆப்பிளின் இயந்திரமாகவே இருக்கவேண்டும் என்பது அதன் சட்டமாக இருந்தது. ஐரோப்பிய யூனியன் தனிச் சட்டம் இயற்றிய பிறகுதான், 2024 மார்ச்சில், அந்த எல்லைக்குள் மட்டும் அது தாழ்ப்பாளைத் தளர்த்திற்று. நயமாகக் கேட்டபோது திறவாத கதவு, சட்டம் தட்டியபோது திறந்தது. ஃபிளாஷ் போயிற்று; சுங்கச்சாவடி போகவில்லை.

நாம் கேட்கவேண்டியது

இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். ஒரு கம்பெனியின் சரக்கை நம்பித் தன் தொழிலையும் ஆபீசையும் பள்ளிப் பாடத்தையும் அதன்மீதே ஏற்றிவைப்பது அத்தகைய காரியம். சேலை அழகானது, சந்தேகமில்லை. ஆனால் அது இரவல்.

ஆகவே கேட்போம். அரசாங்க இலாகாக்கள், பள்ளிகள், ரயில்வேக்கள் மக்கள் பணத்தில் வாங்கும் எந்த மென்பொருளும் பொது முறைகளின்மீது அமையவேண்டும். ஒரே கம்பெனியின் சாவிக்கு மட்டும் திறக்கும் படிவத்தில் குடிமகனின் உரிமையை அடைக்கக் கூடாது.

ஒரு கம்பெனி தன் சரக்கைக் கைவிடுமானால் அதன் மூலக் குறிப்பைப் பொதுவில் வைக்கவேண்டும். பாதுகாப்பு ஓட்டை இருக்கிறதே என்று சாக்குச் சொல்லவேண்டாம். ஓட்டையை அடைக்கும் கைகள் உலகத்தில் உண்டென்று ரஃபிள் காட்டிவிட்டது.

வாசலில் நின்று 100-க்கு 30 வாங்குபவன் எந்தச் சட்டப்படி வாங்குகிறான், யாரை உள்ளே விடுகிறான், யாரை வெளியே தள்ளுகிறான் என்பதை மக்கள் மன்றங்கள் கண்காணிக்கவேண்டும். ஐரோப்பாவில் முடிந்தது மற்ற நாடுகளில் ஏன் முடியாது?

கருவி செய்பவனும் கருவியால் பிழைப்பவனும், கருவியைப் பற்றிய தீர்ப்பில் வாய் திறக்கும் உரிமை பெறவேண்டும். அந்த 750 பேருக்கு அந்த உரிமை இருந்திருந்தால் கதை வேறு விதமாகப் போயிருக்குமோ என்னவோ, அவர்களைக் கேட்காமல் முடிந்திருக்காது.

ஃபிளாஷ் நல்லதா, எச்.டி.எம்.எல்.5 நல்லதா என்ற வாதத்தை விற்பவர்களிடம் விட்டுவிடுவோம். நாளைக்கு இன்னொரு சரக்கு வரும். அது பேசும், வரையும், பாட்டுக் கட்டும்; இதைவிட வேகமாக 99-ஐத் தொட்டும் விடும். அன்றைக்கும் முதல் கேள்வியாக நாம் கேட்கவேண்டியது ஒன்றுதான். "ஐயா, சரக்கு இருக்கட்டும், சாவி யார் கையில்?"